பதிமூன்றாம் விளக்கிலிருந்து

அக்டோபர் 9

அக்காவுக்கு,

முதல் டஜன் வந்து சேர்ந்தது. வேலை விஷயம் தவிர வேறெதுவும் எழுதுவதில்லை என்று நமக்குள் பேச்சு. அதனால் நலம் விசாரிப்பை விட்டுவிட்டு நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

தையல் நேராக, நன்றாக இருக்கிறது. ஆனால் அந்த சாக்பீஸ்! அளவுக் கோடெல்லாம் வெளித்துணிக்கும் உள்துணிக்கும் நடுவில்தானே இருக்கிறது, யார் பார்க்கப் போகிறார்கள் என்று நீ நினைத்திருப்பாய். இது பாவாடை இல்லை அக்கா, விளக்கு. உள்ளே பல்பு எரிந்தால் நடுவில் இருப்பதெல்லாம் அப்படியே வெளியே தெரியும். பெட்டி வந்த அன்றே ஒன்றைப் போட்டுப் பார்த்தேன். எக்ஸ்ரே எடுத்த மாதிரி உன் கோடும் கூட்டலும் கழித்தலும். எல்லாவற்றையும் பிரித்து, அலசி, திரும்பத் தைக்க எனக்கு நாலு நாள் போய்விட்டது.

இது சின்ன வேலை இல்லை. இந்தக் குளிர்நாட்டில் மலைமேல் இருக்கிற பெரிய ஓட்டல். தோட்டத்துப் பாதை நெடுக நாற்பது இரும்புக் கம்பம், ஒவ்வொன்றின் தலையிலும் நான் வரைந்து நீ தைத்த துணி ஷேடு. டிசம்பர் முதல் தேதி திறப்பு. கண்ணாடி விளக்கு போதும் என்றவர்களிடம் மல்லுக்கு நின்று, மழையும் வெயிலும் தாங்கும் துணி இருக்கிறது என்று சொல்லி வாங்கிய வேலை. மானத்தை வாங்கிவிடாதே.

இன்னொன்று. சீட்டில் பன்னிரண்டு என்று எழுதிப் பதினொன்றுதான் அனுப்பியிருக்கிறாய். எண்ணிப் பார்க்கக்கூட நேரமில்லையா?

தங்கை

பின்குறிப்பு: பன்னிரண்டாவது கிடைத்துவிட்டது. பெட்டிக்கு இடதுபக்கம், என் காலடியிலேயே கிடந்திருக்கிறது. நான் அறை முழுக்கத் தேடியதைப் பார்த்து ஓட்டல் எலெக்ட்ரீசியன் சிரித்தார். போன வாரம் நானே நடச்சொன்ன கம்பத்தில் நானே போய் முட்டிக்கொண்டு இடது தோள் கன்றிப்போனது, அதற்கும் அவர்தான் சிரித்தார். தூக்கமில்லாத வேலை, வேறென்ன.


அக்டோபர் 17

சில்வண்டுக்கு,

நலம் விசாரிக்கக் கூடாது என்பது உன் சட்டம். நான் அதில் கையெழுத்துப் போடவில்லை. நலமா? சரி, பதில் சொல்லாதே.

சாக்பீஸ் விஷயம் தப்புதான். பத்தொன்பது வருடம் மனிதர்களுக்குத் தைத்த கை. உடம்புக்குள் பல்பு எரியாது என்ற தைரியம். இனிமேல் அந்தத் தொல்லை இல்லை. நம் கட்டிங் மாஸ்டர் கடையில் விசாரித்து ஒரு பேனா வாங்கி வந்திருக்கிறார். எழுதினால் நீலமாக விழுகிறது. இஸ்திரிப் பெட்டியை லேசாக மேலே காட்டினால் போதும், எழுத்து மாயமாகிவிடுகிறது. "பாருங்கம்மா, எழுதுன சுவடே இல்ல! பொய் சொல்றவங்களுக்குன்னே செஞ்சிருப்பான் போல" என்று மாஸ்டர் ஒரே ஆட்டம். எனக்கும் பிடித்துவிட்டது. என்ன வேண்டுமானாலும் எழுதலாம், கேட்க நாதியில்லை. பதிமூன்றாவது ஷேடிலிருந்து இதுதான்.

அதிருக்கட்டும். கம்பத்தில் எப்படிப் போய் முட்டினாய்? வெளிச்சம் இருந்ததா, இல்லையா? நேராகப் போய் முட்டினாயா, பக்கவாட்டில் உரசியதா? இதற்கு முன்னாலும் இப்படி இடித்துக்கொண்டாயா? சும்மாதான் கேட்கிறேன். உன் கண்ணாடி வாங்கி எத்தனை வருடம் ஆகிறது? பிரேமெல்லாம் பழசாகியிருக்கும். ஒரு நடை கண் டாக்டரிடம் போய் மாற்றிவிட்டு வாயேன். படம் வரைகிற கண் அல்லவா?

பெட்டியைப் பிரிக்கும்போது இடதுபக்கமும் தலையைத் திருப்பிப் பார்.

அக்கா


அக்டோபர் 26

அக்காவுக்கு,

இரண்டாவது தவணை பதினாலும் வந்தது. துணி வெள்ளை வெளேர் என்று இருக்கிறது. அந்தப் பேனாவுக்கும் மாஸ்டருக்கும் நன்றி. எல்லாவற்றையும் கொதிகலன் அறைக்குப் பக்கத்தில் கதகதப்பான கிடங்கில் அடுக்கியிருக்கிறேன். திறப்பு நாளன்று காலையில்தான் மாட்டப்போகிறோம்.

என் கண்ணைப் பற்றி உனக்கென்ன திடீர் அக்கறை? ஆறு கேள்வி கேட்டிருக்கிறாய், எண்ணினேன். போலீஸ்காரர் தோற்றார். என் கண் நன்றாகத்தான் இருக்கிறது.

கண் பேச்சு நம் வீட்டில் எங்கே போய் முடியும் என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நீ தையல் கடையில் உட்கார்ந்து சம்பாதித்தாய், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஆறு வருடம், ஒரு நாளைக்கு நாலு வேளை, அம்மா கண்ணைப் பிரித்துப் பிடித்து சொட்டு மருந்து ஊற்றியவள் நான். அப்படியும் கடைசியில் அம்மாவுக்கு என் முகம் தெரியவில்லை, குரலை வைத்துத்தான் கண்டுபிடித்தாள். அம்மா போன பதினைந்தாம் நாள் நான் சொன்னது இதுதான்: "இனிமே யார் கண்ணுலயும் சொட்டு மருந்து ஊத்த என்னால ஆகாது. அது யாரா இருந்தாலும் சரி." அலுப்பில் சொன்னேன். அதற்கு நீ என்ன கேட்டாய்? "அம்மா செத்தது உனக்கு நிம்மதியா இருக்கா?" என்றாய். நாலு வருடம் ஆகிறது. அந்தக் கேள்வியை நான் மறக்கவில்லை.

அதனால்தான் வேலை மட்டும் பேசுவோம் என்றேன். மீதிப் பதினாலும் நவம்பர் இருபதுக்குள் வந்துவிட வேண்டும்.

தங்கை


நவம்பர் 12

சில்வண்டுக்கு,

மீதிப் பதினாலும் இந்தப் பெட்டியில். எண்ணியது மாஸ்டர், அதனால் சந்தேகப்படாதே. ஒவ்வொன்றையும் தைப்பதற்கு முன்னால் மூன்று தடவை இஸ்திரி போட்டேன். ஒரு புள்ளிகூட இருக்காது.

நான் கேட்டது தப்புதான். அன்றைக்குக் கேட்டதும், போன கடிதத்தில் கேட்டதும்.

இன்னொரு விஷயம் எழுத நினைத்தேன். வேண்டாம், திறப்பு விழா முடியட்டும். நன்றாக நடக்கும்.

அக்கா


டிசம்பர் 2

அக்கா,

என்ன காரியம் செய்து வைத்திருக்கிறாய் நீ?

ஆறு தடவை போன் செய்தேன், நீ எடுக்கவில்லை. மாஸ்டரைக் கூப்பிட்டால் "அம்மா எதிர்லதான் உக்காந்திருக்காங்க, பேச மாட்டேங்கிறாங்க" என்கிறார். சரி, எழுதுகிறேன். இதையாவது படி.

நேற்றுக் காலை நாற்பதையும் மாட்டினோம். வெயில் இருந்தும் பூச்சியத்துக்குக் கீழே பதினாலு டிகிரி குளிர். மூச்சு விட்டால் மீசையில் பனி கட்டுகிறது என்று எலெக்ட்ரீசியன் புலம்பினார். இங்கே நாலரைக்கே இருட்டிவிடும். விருந்தாளிகள் ஐம்பது அறுபது பேர், கம்பளிக் கோட்டும் கையில் கோப்பையுமாகப் பாதையில் வந்து நின்றார்கள். முதலாளியம்மா சுவிட்சைப் போட்டார்.

முதல் பன்னிரண்டும் பால்போல எரிந்தன. பதிமூன்றிலிருந்து நாற்பது வரை, இருபத்தெட்டு விளக்கிலும், எழுத்து. நீல எழுத்து. உன் கையெழுத்து!

மூன்று தடவை இஸ்திரி போட்ட துணியில் எழுத்து எப்படித் திரும்பி வரும்? கிடங்கில் வைத்துப் பார்த்தபோதுகூட ஒன்றும் இல்லையே! கூட்டம் கைதட்டுகிறது. இங்கே ஒருவருக்கும் நம் எழுத்து தெரியாது, அலங்காரம் என்று நினைத்துவிட்டார்கள். முதலாளியம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "இதைப் பத்தி நீங்க சொல்லவே இல்லையே! கவிதையா? படிச்சு அர்த்தம் சொல்லுங்க" என்கிறார். எல்லோரும் என் வாயைப் பார்க்கிறார்கள். பதிமூன்றாவது விளக்கை அண்ணாந்து பார்த்து உரக்கப் படித்தேன். "மேல் வட்டம் பதினாலு அங்குலம், கீழே இருபத்திரண்டு, மடிப்பு அரை." அதற்கும் கைதட்டினார்கள் அக்கா. அதற்குக் கீழே இருந்ததை என் கண் முதலில் படித்தது, வாய்க்கு வரவில்லை.

"சில்வண்டு, இதை உனக்கு எப்படி எழுதுவேன் என்று இங்கே எழுதிப் பார்க்கிறேன்."

அடுத்த விளக்குக்கு நடந்தேன். கூட்டமும் பின்னால் வந்தது. "எனக்கும் அம்மாவுக்கு வந்தது வந்துவிட்டது. ஏப்ரலில் டாக்டர் சொன்னார். வலது கண்ணில் ஓரமெல்லாம் இருட்டு." அதற்கடுத்தது: "ஊசி கீழே விழுந்தால் விரலால்தான் தேடுகிறேன். தையல் நேராக வருகிறது என்கிறாள். கண்ணால் தைத்தால்தானே கோணும்." பதினெட்டாவதில்: "கம்பத்தில் முட்டிக்கொண்டாளாம். இடது தோள். காலடியில் இருந்த ஷேடு தெரியவில்லையாம். ஐயோ, அம்மாவும் இப்படித்தானே கதவு நிலையில் முட்டிக்கொண்டு நிலையைத் திட்டுவாள்."

அங்கேயே நின்றுவிட்டேன். முதலாளியம்மா தோளைத் தட்டி, "என்ன எழுதியிருக்கு?" என்றார். ஒரு அக்கா தன் தங்கைக்கு எழுதிய கடிதம் என்று சொன்னேன். "அடடா!" என்று ஒரு கிழவர் கோப்பையை உயர்த்தினார்.

இருபத்தேழாவதில் என்ன எழுதியிருக்கிறாய் என்று உனக்கு ஞாபகம் இருக்கிறதா? நான் சொல்கிறேன். "டாக்டர் சொன்னார், கூடப் பிறந்தவர்களுக்கும் வரும், தங்கையைக் கூட்டி வாங்க என்று. அவளிடம் இதைச் சொன்னால் என் கண்ணையும் சொல்ல வேண்டும். யார் கண்ணிலும் இனிமேல் ஊற்ற மாட்டேன் என்று போனவள். நான் அவள் வாசலில் போய் நிற்க மாட்டேன். ஆனால் சொல்லாமல் இருந்தால் அவள் கண் போகும்."

முப்பதுக்கு மேல் வரிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடக்கின்றன. முன்னால் எழுதிய வரி எங்கே முடிந்தது என்றுகூட உனக்குத் தெரியவில்லை, இல்லையா? நாற்பதாவதில் அளவே இல்லை. "கண்ணைக் காட்டுடி, கண்ணைக் காட்டுடி" என்று துணி முழுக்க அதே வார்த்தைதான்.

விருந்தாளிகள் உள்ளே சாப்பிடப் போன பிறகு எலெக்ட்ரீசியன் கிட்டே வந்தார். அழுதிருக்கிறேன் என்று தெரிந்து தயங்கித்தான் கேட்டார். "தப்பா நினைக்காதீங்க. நான் இவ்வளவு நேரமா உங்க இடதுபக்கம்தான் நின்னுட்டிருந்தேன். ரெண்டு தடவை கூப்பிட்டேன், நீங்க வேற பக்கம் தேடுனீங்க. எப்பவுமே அப்படித்தான். வேணும்னுதான் செய்றீங்கன்னு நெனச்சேன்."

நான் இடது கையை முகத்துக்குப் பக்கத்தில் நீட்டி, வலது கண்ணை மூடிக்கொண்டு விரலை ஆட்டிப் பார்த்தேன்.

விரல் தெரியவில்லை அக்கா.

பதில் எழுது. மழுப்பாமல் எழுது.

சில்வண்டு


டிசம்பர் 8

என் சில்வண்டுக்கு,

உன் கடிதத்தை மாஸ்டர்தான் படித்துக் காட்டினார். இரண்டு நாள் மிஷினில் உட்காரவே இல்லை.

நம்ப முடியாமல் மாஸ்டர் ஒரு துண்டுத் துணியில் தன் பெயரை எழுதி, இஸ்திரி போட்டு அழித்து, பக்கத்து மருந்துக்கடைக்காரரின் ஐஸ் பெட்டியில் வைத்துவிட்டு வந்தார். சாயங்காலம் எடுத்தால் அவர் பெயர் பளிச்சென்று சிரிக்கிறது. சூட்டில் மறைகிற மை கடும் குளிரில் திரும்பி வருமாம். எங்களுக்கு எப்படித் தெரியும்? இந்தப் பக்கம் ஜனவரியில்கூட ஃபேன் போடுகிறோம். பேனாவை வாங்கிய பாவத்துக்கு அவர் தன் தலையில் தானே குட்டிக்கொள்கிறார். குட்ட வேண்டியது என் தலையில்.

போனை ஏன் எடுக்கவில்லை என்றால், தைரியம் இல்லை. எழுதியதை அழிக்கலாம், பேசியதை அழிக்க முடியாது என்று நினைத்திருந்தேன். அதுதான் நடக்கவில்லையே.

மழுப்பாமல் எழுதச் சொன்னாய். எழுதுகிறேன். ஏப்ரலில் ஊசியில் நூல் கோர்க்கும்போது பக்கத்தில் இருந்த நூல்கண்டு தெரியவில்லை. டாக்டரிடம் போனேன். கண்ணுக்குள் அழுத்தம், அம்மாவுடையதேதான். வலது கண்ணுக்கு ஆபரேஷன் செய்தால் இருக்கிற பார்வை தங்கும் என்றார். கூடவே உன்னைப் பற்றிக் கேட்டார். தங்கை தூரத்தில் இருக்கிறாள், எழுதுகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். எத்தனை தடவை காகிதத்தை எடுத்தேன் தெரியுமா? காகிதத்தில் எழுதினால் தபாலில் போட்டுவிடுவேனோ என்று பயம். துணியில் எழுதினால் அந்த பயம் இல்லை. ஒவ்வொரு ஷேடிலும் எழுதுவேன், இதை அடுத்த கடிதத்தில் சொல்லிவிட வேண்டும் என்று உறுதியாக இருப்பேன், இஸ்திரிப் பெட்டி சூடாவதற்குள் மனசு மாறிவிடும். கம்பத்தில் முட்டியதை நீ எழுதினாய். அப்போதும் கண்ணாடி பிரேமைப் பற்றித்தான் கேட்கத் துணிந்தேன்.

உன் மேல் கோபம்தான், இல்லையென்று சொல்லமாட்டேன். இன்னொரு அம்மாவாக உன்னிடம் வந்து நிற்கக் கூடாது என்ற வீம்பு. அந்த வீம்புக்கு என் கண்ணைக் கொடுக்கலாம், அது என் இஷ்டம். உன் கண்ணைக் கொடுக்க எனக்கு என்ன உரிமை? எட்டு மாதம்! மடிப்பு அரை அங்குலம் என்று எழுதினேன், அதற்குக் கீழே உன் கண் என்று எழுதினேன், இரண்டையும் ஒன்றாக இஸ்திரி போட்டேன். நினைத்தால் எனக்கே என்னைப் பார்க்க அருவருப்பாக இருக்கிறது.

அன்றைக்கு உன்னிடம் கேட்ட கேள்வியை நான் திருப்பி எடுத்துக்கொள்கிறேன். அம்மா போனது எனக்கும் நிம்மதியாகத்தான் இருந்தது. அதை உன் தலையில் கட்டினேன்.

மாஸ்டர் என்னை டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனார். முப்பதாம் தேதி ஆபரேஷன். நீ போனாயா? என்ன சொன்னார்கள்? அது தெரியாமல் எனக்குச் சோறு இறங்கவில்லை.

அக்கா

(வரி கோணியிருந்தால் பொறுத்துக்கொள். மாஸ்டர் பக்கத்தில் ஸ்கேல் பிடித்திருக்கிறார்.)


டிசம்பர் 19

அக்கா,

போனேன். மலையிறங்கி இரண்டு மணி நேரம். ஒரு வெள்ளைக் கிண்ணத்துக்குள் முகத்தை வைத்துக்கொண்டு, புள்ளி வெளிச்சம் தெரியும்போதெல்லாம் பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். எல்லாப் புள்ளிக்கும் அழுத்திவிட்டேன் என்று நினைத்தேன். முடிந்ததும் டாக்டர் ஒரு படத்தைக் காட்டினார். இடது கண்ணுக்கான வட்டத்தில் வெளிஓரம் கறுப்பாக இருந்தது. "இங்கெல்லாம் புள்ளி வந்துச்சு, நீங்க அழுத்தவே இல்ல" என்றார். எப்போது வந்தது? சத்தியமாக நான் பார்க்கவே இல்லை. வெளிச்சத்தை வைத்துப் பிழைக்கிறவள், என் கண்ணெதிரே இத்தனை வெளிச்சம் வந்து போயிருக்கிறது, எனக்குத் தெரியவில்லை.

போனது போனதுதானாம், திரும்பாது. மீதியைக் காப்பாற்றிவிடலாம் என்கிறார். வலது கண் இப்போதைக்குத் தப்பித்தது. இன்னும் ஒன்றிரண்டு வருடம் இப்படியே விட்டிருந்தால் இரண்டும் போயிருக்கும் என்றார். யார் சொல்லி வந்தீர்கள் என்று கேட்டார். அக்கா சொன்னாள் என்றேன்.

உன்னைத் திட்டித் தீர்க்க வேண்டும் என்று நாலு பக்கம் எழுதினேன். கிழித்துவிட்டேன். எட்டு மாதம் நீ மறைத்ததை என்னால் மன்னிக்க முடியவில்லை, இப்போதைக்கு முடியாது. ஆனால் நீ மறைத்ததற்குக் காரணம் நான் சொன்ன ஒரு வார்த்தை. அதையும் என்னால் மன்னிக்க முடியவில்லை. இரண்டும் அப்படியே இருக்கட்டும்.

முதலாளியம்மா மீதிப் பன்னிரண்டு விளக்கிலும் எழுதித் தரச்சொல்லிக் கேட்டார். அந்தக் கடிதம் அவ்வளவுதான், முடிந்துவிட்டது என்று சொன்னேன். நாற்பதாவதை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டேன். அந்தக் கம்பத்துக்கு வேறொன்று தைக்க வேண்டும். அவசரமில்லை.

எனக்கும் சொட்டு மருந்துதான் கொடுத்திருக்கிறார்கள், இரவு ஒரு வேளை. அம்மாவுக்கு ஆறு வருடம் ஒரு சொட்டு சிந்தாமல் ஊற்றினேன். எனக்கு நானே ஊற்றினால் பாதி கன்னத்தில் போகிறது. இமை தானாக மூடிக்கொள்கிறது. உனக்கும் அப்படித்தான் போயிருக்கும், இந்த எட்டு மாதமும். நீ சொல்லாவிட்டாலும் எனக்குத் தெரியும்.

இருபத்தெட்டாம் தேதி மதியம் வந்து இறங்குகிறேன். டிக்கெட் எடுத்துவிட்டேன். ஆபரேஷனுக்கு நான் இருப்பேன். என் கண்ணில் நீ ஊற்று, உன் கண்ணில் நான் ஊற்றுகிறேன்.

அதுவரை எதையும் எழுதி இஸ்திரி போடாதே.

சில்வண்டு